அபிதானகோசம் முதல் கட்டற்ற களஞ்சியம் வரை: இறக்காமத்திலிருந்து ஒரு பார்வை

இலங்கையின் தமிழ்மொழிப் பாடசாலை நூலகங்களில் ஒரு பகுதிக்கு 'உசாத்துணைப் பகுதி' என்று பெயர் எழுதியிருப்பார்கள். உசாவுதல் என்றால் கேட்டறிதல், ஆராய்தல். ஐயம் வந்தபோது துணைக்கு நிற்கும் நூல் உசாத்துணை நூல். அழகான சொல்தான். ஆனால் அந்தப் பகுதியில் உள்ள நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பதையும், பெரும்பாலான நாட்களில் அந்த அலுமாரி பூட்டியே இருக்கும் என்பதையும் கிழக்கிலங்கையில் படித்த எவரும் அறிவார்கள். ஒரு மொழியில் அறிவு தொகுக்கப்படுவது ஒரு செய்தி. அது அந்த மொழியைப் பேசும் கடைசி ஊர் வரைக்கும் வந்து சேர்வது வேறொரு செய்தி. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்திருக்கிறது. அந்த நூற்றாண்டின் கதையை இறக்காமம் என்ற ஊரில் நின்று சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இறக்காமம் அம்பாறை மாவட்டத்தில், கடற்கரையிலிருந்து உள்ளே ஒதுங்கி, ஒரு பெரிய குளத்தின் அருகே அமைந்த ஊர். மக்கள் பெரும்பாலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள். தொழில் நெல் வேளாண்மை. கிழக்கே அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை என்று கரையோர நகரங்கள். மேற்கே கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிய பின் வளர்ந்த அம்பாறை நகர். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து அம்பாறை தனி மாவட்டமானபோது எங்கள் பகுதி அதற்குள் வந்தது. தமிழ்ப் புத்தகம் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்தோ, கொழும்பிலிருந்தோ, சென்னையிலிருந்தோ வரவேண்டும். மூன்றுமே தொலைவு.

தனிமனிதர்களின் காலம்

பொருள்களைத் தமிழில் அகர வரிசையில் தொகுத்து விளக்கும் கலைக்களஞ்சிய முறையின் முன்னோடி யாழ்ப்பாணத்திலேயே தோன்றியது. ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை என்ற தனி ஒருவர் தொகுத்த 'அபிதானகோசம்' 1902இல் வெளிவந்தது. புராண இதிகாசப் பெயர்கள், புலவர்கள், அரசர்கள், நூல்கள், தலங்கள் என்று தமிழ் இலக்கியம் படிக்கும் ஒருவருக்கு எழக்கூடிய ஐயங்களுக்கு அதில் விடை இருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1910இல், சென்னையில் ஆசிரியராகப் பணிபுரிந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அந்நூலை அச்சிட ஆள் கிடைக்காமல் முதலியார் அலைந்தார். கடைசியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஆதரவில்தான் அது அச்சேறியது. விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1934இல் வந்தபோது முதலியார் உயிருடன் இல்லை.

இவ்விருவருக்கும் முன்னரே ஈழத்தில் ஒரு முயற்சி நடந்தது. 1842இல் மானிப்பாயில் அச்சான அகராதி, 1862இல் வின்சுலோவின் பெயரால் வெளிவந்த தமிழ் - ஆங்கிலப் பேரகராதி ஆகியன அமெரிக்க மிசனோடு தொடர்புடையவை. அந்த மிசனின் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மேலை மருத்துவத்தை ஆங்கிலத்தில் கற்பித்துத் தொடங்கிய அவர், பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், பிரசவ மருத்துவம் உள்ளிட்ட துறைகளில் தமிழ் நூல்கள் வருவதற்கு உழைத்தார். கிறீனின் நோக்கில் மதமும் கலந்திருந்தது உண்மை. ஆனால் 'இந்த மொழியில் இந்த அறிவைச் சொல்ல முடியாது' என்ற பேச்சுக்கு அவருடைய மாணவர்களே பதிலாக நின்றார்கள் என்பதும் உண்மை.

இந்த முதற்கட்டத்துக்கு இரண்டு இயல்புகள் உண்டு. தொகுத்தவர்கள் தங்கள் ஆயுளைக் கொடுத்தார்கள். அச்சிடுவதற்கு ஒரு புரவலரோ நிறுவனமோ தேவைப்பட்டது. புரவலர் எதை விரும்பினாரோ அதுவே களஞ்சியத்தின் எல்லையும் ஆயிற்று. அபிதானகோசமும் அபிதான சிந்தாமணியும் முதன்மையாகச் சைவ, வைணவ, புராண உலகின் களஞ்சியங்கள். அவற்றைக் குறை கூறுவது நம் வேலையன்று. ஆனால் அந்த உலகில் இறக்காமத்து விவசாயிக்கு இடமில்லை.

முஸ்லிம்களின் தனிவழி

தமிழ் முஸ்லிம்கள் இக்காலத்தில் வாளாவிருந்ததாக எண்ணக்கூடாது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத் தமிழ் காயல்பட்டினம், கீழக்கரை, வேருவளை, கொழும்பு எனக் கடலின் இரு கரைகளையும் இணைத்திருந்தது. கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், மார்க்கச் சட்டங்களைச் சாதாரண மக்களுக்கு விளக்கும் 'பத்ஹுத் தய்யான்' என்ற பெருநூலை அறபுத் தமிழில் எழுதினார். தொழுகையிலோ, வாரிசுப் பங்கிலோ ஐயம் வந்தால் திறந்து பார்ப்பதற்கான நூல் அது. அந்தப் பொருளில் அதுவும் ஓர் உசாத்துணை நூலே. அரபு மூலத்தைப் படிக்க இயலாத பெண்களும் அறபுத் தமிழ் நூல்களைப் படித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. எழுத்து அறபு, மொழி உம்மாவின் மொழி.

கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி உலகச் செய்திகளையும் கல்விச் சிந்தனையையும் தமிழில் கொண்டுவந்தார். இருபதாம் நூற்றாண்டில் பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ் முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டை ஆராய்ச்சிப் பொருளாக்கினார்; பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். தமிழகத்தில் எம். ஆர். எம். அப்துற் றஹீம் 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்' என்ற பெருந்தொகுப்பைத் தாமே எழுதித் தாமே வெளியிட்டார். மீண்டும் தனிமனித உழைப்பு. மீண்டும் விலைக்கு வாங்க முடிந்தவருக்கே கிடைக்கும் நூல்.

அரசும் நிறுவனமும் வந்த காலம்

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முன்முயற்சியால் தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியப் பணியைத் தொடங்கியது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியர். முதல் தொகுதி 1954இல் வந்தது. பத்தாவதான இணைப்புத் தொகுதி 1968இல் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்கள் எழுதினார்கள். அணுவும் அகநானூறும் ஒரே வரிசையில் நின்ற முதல் பெருந்தொகுப்பு அது. அதைத் தொடர்ந்து குழந்தைகளுக்கென்றும் பத்துத் தொகுதிகள் வந்தன.

நான் படித்த பாடசாலையில் இதன் சில தொகுதிகள் இருந்தன. முழு வரிசை இல்லை. தொகுதிகள் அகர வரிசையில் அமைந்தவை ஆதலால், கைவசமிருந்த எழுத்துகளில் தொடங்கும் பொருள்களில் மட்டும் நாங்கள் அறிஞர்களாக இருந்தோம். இதை வேடிக்கையாகச் சொன்னாலும் விடயம் வேடிக்கையானதன்று. இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூலும் இலவசம். இவ்விரண்டும் இல்லாவிட்டால் என்னைப் போன்ற பலர் பல்கலைக்கழக வாயிலைக் கண்டிருக்க மாட்டோம். ஆனால் பாடநூலுக்கு அப்பால் ஒரு கேள்வி எழுந்தால் அதற்கு விடை தரும் உசாத்துணை நூல் இலவசப் பட்டியலில் ஒருபோதும் சேரவில்லை. பாடநூல் பரீட்சைக்குப் போதுமானது. அதற்கு மேல் கேட்பவனுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது பணம் இருந்திருக்க வேண்டும்.

இதே காலத்தில் இன்னொரு பிளவும் உண்டாயிற்று. 1956இன் தனிச் சிங்களச் சட்டம் தமிழ் பேசுவோரின் வாழ்வைப் புரட்டிப்போட்ட கதை பலரும் அறிந்தது. அதன் நிழலில் நடந்த மற்றொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. சுயமொழிக் கல்விக்காக அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவற்றை ஆக்கிய அறிஞர்கள் தமிழகத்தின் கலைச்சொற்களை அப்படியே எடுக்கவில்லை. விளைவாக, இலங்கை மாணவன் பௌதிகவியலும் இரசாயனவியலும் படித்தான்; தமிழக மாணவன் இயற்பியலும் வேதியியலும் படித்தான். நமக்கு ஒட்சிசன், அவர்களுக்கு ஆக்சிசன். நமக்கு நுணுக்குக்காட்டி, அவர்களுக்கு நுண்ணோக்கி. ஒரே மொழியின் இரு கரைகளில் இரண்டு அறிவியல் அகராதிகள். சென்னையில் அச்சான களஞ்சியம் கையில் கிடைத்தாலும் அகர வரிசையில் எங்கே தேடுவது என்பது எங்கள் மாணவனுக்குத் தெரியாது.

தீயும் நீரும்

1981 மே 31 நள்ளிரவை ஒட்டி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அது யாழ்ப்பாணத்தின் இழப்பு மட்டுமன்று. கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் அந்த எரிப்பைப் பற்றி எழுதிய 'புத்தரின் படுகொலை' என்ற கவிதை பல மொழிகளுக்கும் சென்றது. அச்சிட்ட நூலில் ஒரு படி எரிந்தால் இன்னொரு படி எங்காவது கிடைக்கும் என்று நாம் எண்ணியிருந்தோம். சிறிய அச்சகங்களில் சில நூறு படிகள் மட்டும் அச்சான ஈழத்து வெளியீடுகளுக்கு அந்த 'எங்காவது' பல சந்தர்ப்பங்களில் அந்த நூலகமாகவே இருந்தது.

தீ வடக்கில் செய்ததை நீர் கிழக்கில் செய்தது. 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் அளவில் மக்கள் மடிந்தார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகியன கவிஞர்களும் ஆசிரியர்களும் நிறைந்த ஊர்கள். மனித உயிர்களின் முன் காகிதத்தைப் பற்றிப் பேச அப்போது எவருக்கும் மனம் வரவில்லை. வீடுகளோடு சேர்ந்து கையெழுத்துப் பிரதிகளும் பழைய சஞ்சிகைகளும் குடும்ப ஆவணங்களும் அள்ளுண்டு போயின என்பது ஆறிய பிறகே உறைத்தது.

இத்தகைய அழிவுகளுக்கு நடுவே, என்ன இருக்கிறது, என்ன இருந்தது என்று பட்டியலிட்டு வைத்தவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும். சாய்ந்தமருதைச் சேர்ந்த கல்விமான் எஸ். எச். எம். ஜெமீல் இலங்கை முஸ்லிம்கள் எழுதிய நூல்களைத் தேடித் தேடி 'சுவடி ஆற்றுப்படை' என்ற தலைப்பில் பல பாகங்களாக விவரணப்படுத்தினார். லண்டனில் வாழும் என். செல்வராஜா 'நூல்தேட்டம்' என்ற பெயரில் தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக ஈழத்துத் தமிழ் நூல்களைப் பதிந்துவருகிறார். மலையகத்திலிருந்து பீ. எம். புன்னியாமீன் எழுத்தாளர், ஊடகவியலாளர், கலைஞர் விபரத்திரட்டுகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். ஊர்ச் செய்தியாளர்கள் பலருடைய பெயர் அச்சில் பதிவானது அவருடைய திரட்டுகளில்தான்.

பூட்டில்லாத அலுமாரி

2001 ஜனவரியில் ஆங்கிலத்தில் விக்கிப்பீடியா தொடங்கியது. 2003 செப்டெம்பரில் தமிழுக்கான தளம் உருவாயிற்று. வெறும் கூடாக இருந்த அதற்குள் உயிர் புகுத்தியவர்களில் முதன்மையானவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். அப்போது ஐக்கிய அரபு இராச்சியத்தில் பணிபுரிந்துகொண்டிருந்தார். பகலில் தொழில், இரவில் களஞ்சியம். இடைமுகத்தைத் தமிழாக்கினார்; ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். கனடாவில் பேராசிரியர் செ. இரா. செல்வக்குமார், தமிழகத்தில் அ. இரவிசங்கர் என்று பலர் சேர்ந்தார்கள். 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. இன்று அது ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். முன்னர் குறிப்பிட்ட புன்னியாமீனும் 2016இல் மறையும் முன் அதில் ஆர்வத்தோடு எழுதியவர்.

முத்துத்தம்பிப்பிள்ளையின் நூலுக்கும் இதற்கும் இடையில் ஒரு நூற்றாண்டு. வேற்றுமை தொழில்நுட்பத்தில் மட்டும் இல்லை. இதற்குப் புரவலர் ஒருவர் இல்லை. எந்தத் தலைப்பு வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர் குழுவும் மேலே அமர்ந்திருக்கவில்லை. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' என்று அழைத்துக்கொள்கிறது. 'இலவசம்' என்ற சொல்லை அவர்கள் எடுக்காதது ஆழ்ந்த சிந்தனையின் விளைவு. இலவசமாகத் தரப்படும் பொருளைத் தருபவன் நாளை நிறுத்திவிடலாம். கட்டற்றது என்றால் அதைப் படிக்கலாம், படியெடுக்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். எழுதியவரைக் குறிப்பிட்டு, அதே உரிமையைப் பிறருக்கும் விட்டுவிட வேண்டும் என்பதே நிபந்தனை. பாரதியின் ஆக்கங்களை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பொதுவாக்கியது தமிழருக்குப் பழக்கமான முன்னுதாரணம். அங்கே அரசு செய்ததை இங்கே எழுதுபவன் எழுதும் கணத்திலேயே செய்துவிடுகிறான்.

கலைச்சொற் சிக்கலும் இங்கே ஒரு வகையில் தணிந்தது. அச்சு நூலில் ஒரு பொருளுக்கு ஒரு தலைப்புத்தான் இருக்க முடியும். இணையக் களஞ்சியத்தில் 'பௌதிகவியல்' என்று தேடுபவரையும் 'இயற்பியல்' என்று தேடுபவரையும் ஒரே பக்கத்துக்கு வழிமாற்றி அனுப்பலாம். எந்தச் சொல் தலைப்பில் நிற்பது என்பதற்கு இரு கரையினரும் பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். கசப்புகள் இருந்தன. ஆயினும் இரு கரைத் தமிழும் ஒரே மேசையில் அமர்ந்து கலைச்சொல் பற்றி நீண்டகாலம் உரையாடிய இடங்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

2005இல் இலங்கை இளைஞர்கள் சிலர் தொடங்கிய 'நூலகம்' திட்டம் இதன் உடன்பிறப்பு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கிய வழியில், ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் என்று பல்லாயிரம் ஆவணங்களை நூலகம் மின்வருடி இணையத்தில் வைத்தது. எரிந்த நூலகத்துக்கு இதைவிடப் பொருத்தமான மறுமொழி எனக்குத் தெரியவில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் ஏறிவிட்டது. இறக்காமத்துப் பிள்ளை இன்று கைத்தொலைபேசியில் அதன் பத்துத் தொகுதிகளையும் புரட்டலாம்.

எண்ணிக்கை என்னும் மயக்கம்

மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. 2009ஐ ஒட்டிக் கூகிள் நிறுவனம் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைக் கூலிக்கு மொழிபெயர்ப்பித்துத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஏற்றியது. நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் வந்து குவிந்தவற்றில் மேலைநாட்டுத் திரை நட்சத்திரங்களும் மருந்துப் பெயர்களும் மலிந்திருந்தன. வாக்கியங்கள் தமிழ்போல் தோன்றின, பொருள் தரவில்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் இதை எதிர்த்துக் கேள்வி எழுப்பினார்கள். 2010இல் போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் இரவிசங்கர் இதுபற்றிய மதிப்பீட்டை முன்வைத்தார். இலவசமாகக் கிடைக்கும் கட்டுரை வேண்டாம் என்று சொல்ல ஒரு சிறு தன்னார்வக் குழுவுக்குத் துணிவு வந்தது பெருமைக்குரியது.

அவர்கள் அஞ்சியது வீணன்று என்பதை உலகம் பிறகு கண்டது. பிலிப்பைன்சின் செபுவானோ மொழி விக்கிப்பீடியாவில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. பெரும்பாலானவை கணினி நிரல் ஒன்று தானாக எழுதியவை. 2020இல் ஸ்கொட்ஸ் மொழி விக்கிப்பீடியாவின் கணிசமான பகுதியை அம்மொழி அறியாத அமெரிக்க இளைஞர் ஒருவர் எழுதியிருந்தது வெளிப்பட்டது. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் ஒரு சிறுபான்மை மொழியின் முகமாக உலகம் பார்த்தது அந்த மொழியே அல்ல. இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் பக்கங்களை நிரப்பும் காலத்தில், இணையத்தில் உள்ள தமிழைப் படித்தே அந்த இயந்திரங்கள் தமிழ் கற்கின்றன. நாம் பிழையாக எழுதி வைத்தது நமக்கே பாடமாகத் திரும்பி வரும்.

நம் பங்கு எங்கே?

இனி எங்கள் ஊர்க் கதை. கிழக்குக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக உள்ளது தாய்வழிக் குடிமுறை. பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணம் கூடாது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும்; மருமகன் அங்கே வந்து வாழ்வான். முன்பு பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார் இருந்தார். இலங்கையின் மற்றப் பகுதி முஸ்லிம்களிடம் இல்லாத இந்த ஏற்பாட்டை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே. 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கிக் கள ஆய்வு செய்தவர். அவருடைய பெருநூல் 2008இல் டியூக் பல்கலைக்கழக வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் உம்மாமாரின் குடிப்பெயரை எங்கள் பேரப்பிள்ளைகள் அறிய ஆங்கிலம் கற்று, வெளிநாட்டு நூலை விலைக்கு வாங்க வேண்டிய நிலை. தமிழில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964), நிந்தவூர் எஸ். முத்துமீரான் தொகுத்த முஸ்லிம் கிராமியப் பாடல்கள் ஆகியன பெறுமதி மிக்கவை. ஆனால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டு பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும், இந்த அறிவைக் கட்டற்ற தமிழ்ப் பக்கங்களாக மாற்றும் வேலை பெரும்பாலும் மீதமாகவே கிடக்கிறது.

வயற்காட்டுச் சொற்களையும் எண்ணிப் பாருங்கள். போடியார், முல்லைக்காரன், வட்டவிதானை, களவெட்டி, சூடு, பொலி. ஒவ்வொன்றுக்கும் பின்னே நில உடைமை, கூலி, நீர்ப்பங்கீடு பற்றிய ஒரு முழு ஏற்பாடு இருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்த பின் சூடு வைப்பதும் சூடடிப்பதும் மறைந்துவருகின்றன. சூட்டுக்களத்தில் நின்று வேலை செய்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். அவர்களோடு அந்தச் சொற்களின் பொருளும் போய்விடும். மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் போர்த்துக்கேயக் கலப்பு மொழி ஒரு சிலரின் நாவில் மட்டும் எஞ்சியிருப்பதைப் பார்க்கிறோம். தமிழுக்கு அந்த அபாயம் இல்லை. ஆனால் தமிழுக்குள் உள்ள சிறு தமிழ்களுக்கு உண்டு.

இது பழம்பெருமை பேசும் விவகாரம் மட்டுமன்று. 2020 ஏப்பிரலில் கொரோனாவால் இறந்தவர்களைக் கட்டாயமாக எரிக்க வேண்டும் என்று இலங்கை அரசு வர்த்தமானி வெளியிட்டது. புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலாக இருந்தது. 2021 பெப்ரவரியில் அந்த விதி மாற்றப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாசாக்கள் அடக்கப்படும் வரை எங்கள் ஊர்களில் நிலவிய மன வேதனையைச் சொல்லி முடியாது. அந்த நாட்களில் வாட்சப்பில் வதந்தி ஆறாக ஓடியது. நிலத்தடி நீருக்கும் தொற்றுக்கும் என்ன தொடர்பு, வழிகாட்டல் உண்மையில் என்ன சொல்கிறது, சட்டம் என்ன சொல்கிறது என்று தமிழில், சரிபார்க்கத்தக்க மேற்கோளோடு, ஓர் ஊர்ப் பள்ளிவாசல் தலைவர் எடுத்துப் பார்க்கக்கூடிய பக்கத்தின் பெறுமதி அப்போது தெரிந்தது. தன் உரிமையைக் கேட்பவன் முதலில் அதைத் தன் மொழியில் அறிந்திருக்க வேண்டும்.

கட்டற்ற களஞ்சியத்துக்கு ஒரு விதி உண்டு: எழுதுவதற்குச் சான்று வேண்டும். 'எங்கள் பெத்தாப்பா சொன்னார்' என்பது சான்றாகாது. நம்பகமான வெளியீட்டில் வந்திருக்க வேண்டும். இவ்விதி சிற்றூர்களுக்கு அநீதி என்று சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எழுதப்படாத சமூகத்தின் அறிவு வெளியே நிற்கிறது. ஆயினும் நாற்பது ஆண்டுக்கால வதந்திகளைச் செய்தியறையில் பார்த்தவர் எவரும் அந்த விதியை எளிதில் கைவிடச் சொல்லமாட்டார். வழி வேறு. நம்மிடம் அச்சான சான்றுகள் நாம் நினைப்பதைவிட அதிகம் உண்டு. பாடசாலைகளின் பொன்விழா மலர்கள், பள்ளிவாசல் திறப்புவிழா மலர்கள், விவசாயச் சங்க அறிக்கைகள், வீரகேசரிக்கும் தினகரனுக்கும் ஊர் நிருபர்கள் பல பத்தாண்டுகளாக அனுப்பிய செய்திகள். இவை பரண்களிலும் அலுமாரிகளிலும் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. கணினிக்கு வந்த பின் எழுதியவற்றின் நிலையும் மேலானதன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சான கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றாவிட்டால் எந்தத் தேடுபொறிக்கும் அவை அகப்படமாட்டா.

ஆகவே வேலை எளிமையானது, அலுப்பானதுங்கூட. மலர் வைத்திருப்பவர் அதை மின்வருடக் கொடுக்க வேண்டும். பழைய கோப்பு வைத்திருப்பவர் எழுத்துரு மாற்ற வேண்டும். முதியவர்களிடம் கேட்டு எழுதுபவர் அதைச் சிறு நூலாகவேனும், பத்திரிகைக் கட்டுரையாகவேனும் அச்சேற்ற வேண்டும். அதன் பிறகு களஞ்சியத்தில் மேற்கோள் காட்டலாம். ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பை அழைத்து ஊரின் குளத்தைப் பற்றி, வட்டையைப் பற்றி, சந்தையைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் செய்யலாம். இணைய வசதி சீராக இல்லாத பாடசாலைகளுக்கு விக்கிப்பீடியாவை இணைப்பின்றியே கணினியில் வைத்துப் படிக்கும் கிவிக்ஸ் என்ற மென்பொருள் உண்டு, அதுவும் விலையற்றது. வெளிநாடுகளில் வாழும் எங்கள் ஊரவர்கள் பணம் அனுப்புவதோடு மாலையில் ஒரு மணி நேரத்தையும் அனுப்பலாம். மயூரநாதன் வளைகுடாவில் அமர்ந்து செய்தது அதைத்தான். எங்கள் ஊர்களிலிருந்து வளைகுடா சென்றவர்களின் தொகையோ சிறிதன்று.

ஒரு நூற்றாண்டுக்கு முன் தன் நூலை அச்சிட ஒரு புரவலரைத் தேடிச் சிங்காரவேலு முதலியார் அலைந்தார். இன்று அச்சும் தயார், அலுமாரியும் திறந்திருக்கிறது, எழுதுபவர்தான் வரவேண்டும். இறக்காமத்தைப் பற்றி இறக்காமத்தார் எழுதாவிட்டால், அந்த இடம் காலியாக இருக்கப்போவதில்லை. வேறு எவரோ, வேறு எந்த நோக்கத்தோடோ, ஒருவேளை ஓர் இயந்திரமோ, அதை எழுதி நிரப்பிவிடும்.